பக்கத்து வீடு பாழாகிக் கிடக்கிறது. கேஸ் முடியும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டுமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையை ஒட்டிய ஒரு தெருவிலிருந்து 54 வயது அம்மா ஒருவர் நோட்டுத் தாளில் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய கணவரும் மகனும் வீட்டு முன்கட்டிலேயே பட்டறை போட்டு வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறார்கள். அவர்கள் வீட்டோடு சுவர் ஒட்டி ஒரு பழைய நாட்டு ஓட்டு வீடு இருக்கிறது. அதில் குடியிருந்த பாட்டி இறந்து 14 வருஷம் ஆகிறது. பிள்ளைகள் நான்கு பேர். ஒருவர் பெங்களூரில், ஒருவர் கோவையில், ஒருவர் வெளிநாட்டில். மகள் மட்டும் சேலத்திலேயே அழகாபுரம் பக்கம். நான்கு பேருக்கும் பாகப்பிரிவினை வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. முதலில் பின்கட்டு ஓடு சரிந்தது. போன கார்த்திகை மழையில் சந்துப் பக்கத்துக் காம்பவுண்டு சுவர் விழுந்தது. இப்போது சந்தில் நடந்து போகிறவர்களுக்குக் கொல்லைக் கிணறு கைக்கெட்டும் தூரத்தில் திறந்து கிடக்கிறது. "பேரனுக்கு ஆறு வயசு, அந்தச் சந்து வழியாத்தான் ஸ்கூலுக்குப் போறான்" என்று எழுதுகிறார்.

பொதுச்சுவரில் அரசங்கன்று வேர் விட்டு வெடிப்பு விழுந்திருக்கிறது. ஓதம் ஏறிப் பட்டறைச் சுவரில் காரை உதிர்கிறது. ஐப்பசியில் மருமகளுக்கு டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரி. ராத்திரியில் குடிக்க வருகிறவர்கள், பகலில் பாம்பு, எந்த நேரமும் குப்பை. வார்டு ஆட்களிடம் வாய்வார்த்தையாக மூன்று முறை சொல்லியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் படமும் அனுப்பியிருக்கிறார். பதில் ஒன்றேதான்: "கேஸ் நடக்குதும்மா, நாங்க கை வைக்க முடியாது." மகனின் நண்பர்கள் போகி அன்றைக்குப் புதருக்குத் தீ வைத்துவிடலாம் என்கிறார்கள். கணவரின் நண்பர் ஒருவர், வேலி போட்டு ஷெட் இறக்குங்கள், 12 வருஷம் போனால் இடம் உங்களுக்கே என்கிறார். இதில் எது சரி, டெங்குவுக்கு நஷ்டஈடு கேட்க முடியுமா, இல்லை வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டு நெத்திமேட்டில் தங்கை வீட்டுப் பக்கம் போய்விடலாமா என்று கேட்கிறார்.

அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், "கேஸ் நடக்குது, கை வைக்க முடியாது" என்று உங்களிடம் சொன்னார்களே, அதை எடுத்துக்கொள்கிறேன். அதை நம்பித்தான் இத்தனை நாள் எழுத்தில் ஒரு மனுக்கூடக் கொடுக்காமல் இருந்துவிட்டீர்கள். இருபத்தெட்டு வருஷ வக்கீல் தொழிலில் இந்த ஒரு பேச்சை நம்பி வாயடைத்துப் போன தெருக்களை நிறையப் பார்த்துவிட்டேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

பாகப்பிரிவினை வழக்கில் கோர்ட் பார்ப்பது யாருக்கு எத்தனை பங்கு என்பதை மட்டும். சுவர் யார் தலையில் விழும், கிணற்றுக்கு மூடி உண்டா என்ற பேச்சே அந்த வழக்கில் இல்லை. "இருக்கும் நிலை தொடரட்டும்" என்று கோர்ட் உத்தரவு போட்டிருந்தாலும் அது வாதி, பிரதிவாதிகளுக்குப் போட்ட கட்டு. அவர்கள் விற்கக் கூடாது, இடித்துக் கட்டக் கூடாது. வழக்கில் ஒரு தரப்பாகவே இல்லாத மாநகராட்சி, ஊர்ச் சுகாதாரத்துக்காகக் கொசு மருந்து அடிப்பதையோ கிணற்றை மூடுவதையோ அது தடுக்காது. இனி யாராவது அப்படிச் சொன்னால், "தடை உத்தரவு இருந்தால் நகலைக் காட்டுங்கள், இல்லையென்றால் உங்கள் பதிலை எழுத்தில் கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

வாரிசுகளும் வழக்கைக் காட்டித் தப்ப முடியாது. பாகம் பிரிகிற வரைக்கும் அந்த இடத்தின் ஒவ்வொரு அங்குலமும் நான்கு பேருக்கும் பொது. ஆகவே பொறுப்பும் நான்கு பேருக்குமே. "என் பங்கு முன்பக்கம், கிணறு என் அண்ணன் பங்கு" என்று அழகாபுரத்து அம்மா (இறந்த பாட்டியின் மகள்) சொன்னால் அது செல்லாது.

கிணறும் சுவரும் முதலில்

உங்கள் கடிதத்தில் பத்துத் தொல்லைகள் இருக்கின்றன. பத்தையும் ஒரே மனுவில் எழுதினால் படிக்கிற அதிகாரி லேசான ஒன்றை, அநேகமாகக் குப்பையை, எடுத்துக்கொண்டு ஒரு வண்டி அனுப்பிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார். ஆள் உயிருக்கு ஆபத்தானவை இரண்டு: திறந்த கிணறு, விழப்போகிற நிலையில் இருக்கிற அந்த வீட்டுச் சுவர். இவை இரண்டையும் தனியாகப் பிரித்துக் கோட்டாட்சியருக்கு, அதாவது ஆர்.டி.ஓ.வுக்கு, மனு கொடுங்கள்.

ஆர்.டி.ஓ. என்றால் பட்டா, சாதிச் சான்றிதழ் ஆபீசர் என்றே பலரும் நினைக்கிறோம். அவர் நிர்வாக நடுவரும்கூட, அதாவது மாஜிஸ்திரேட் அதிகாரமும் அவருக்கு உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133) உங்கள் நிலைமையைப் பார்த்தே எழுதியதுபோல் இருக்கும். அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் மீதோ வழியில் போகிறவர்கள் மீதோ விழக்கூடிய நிலையில் ஒரு கட்டடமோ மரமோ இருந்தால், அதை அகற்றவோ பழுதுபார்க்கவோ முட்டுக் கொடுக்கவோ அவர் உத்தரவிடலாம். பொதுவழியை ஒட்டிய கிணற்றுக்குத் தடுப்பு போடச் சொல்லலாம். "இத்தனை நாளுக்குள் செய், இல்லையென்றால் நேரில் வந்து ஏன் செய்யக் கூடாது என்று சொல்" என்பதுதான் முதல் உத்தரவு. வராமலும் செய்யாமலும் இருந்தால் உத்தரவு உறுதியாகும். அதன் பிறகும் செய்யாவிட்டால் நடுவரே ஆள் வைத்துச் செய்து முடித்து, செலவை உரிமையாளரிடம் வசூலிக்கலாம். விசாரணை முடிகிற வரைக்கும் காத்திருக்க முடியாத ஆபத்து என்றால் 161-வது பிரிவில் உடனடி உத்தரவும் போடலாம். புதுச் சட்டம் விசாரணைக்குக் காலக்கெடுவும் வைத்திருக்கிறது: 90 நாள், காரணம் எழுதினால் 120 நாள்வரை. முறைப்படி போட்ட இந்த உத்தரவை எதிர்த்துச் சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தப் பிரிவு அவசர ஆபத்துக்கானது. "14 வருஷமாக இந்தத் தொல்லையை அனுபவிக்கிறோம்" என்று மனுவைத் தொடங்கினால், எதிர்த்தரப்பு வக்கீல் "இத்தனை வருஷம் பொறுத்தவர்களுக்கு இன்றைக்கு என்ன அவசரம்" என்று கேட்பார். அந்தப் பேச்சு எடுபட்ட வழக்குகளும் உண்டு. ஆகவே கார்த்திகையில் சுவர் விழுந்ததிலிருந்து ஆரம்பியுங்கள். சந்து எத்தனை அடி அகலம், கிணறு விளிம்பிலிருந்து எத்தனை அடி, கிணற்றின் கைப்பிடிச் சுவர் எத்தனை அடி உயரம் நிற்கிறது, தினமும் எத்தனை பிள்ளைகள் அந்த வழியாகப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று எழுதுங்கள். அளவு டேப்பைக் கிணற்றுக்கும் சந்துக்கும் நடுவில் நீட்டிப் பிடித்து, எண் தெரிகிறபடி ஒரு போட்டோ எடுங்கள். "மிகவும் ஆபத்தாக உள்ளது" என்று நான்கு முறை எழுதுவதைவிட, டேப்பில் மூன்றரை அடி என்று தெரிகிற ஒரு படம் ஆர்.டி.ஓ.வை எழுந்து நிற்க வைக்கும்.

மனுவில் உங்கள் பெயர் மட்டும் வேண்டாம். சந்தில் குடியிருக்கிற எட்டுப் பத்துப் பேர் கையெழுத்துப் போடட்டும். இது பொதுத்தொல்லை என்பதற்கு அதுவே ஆதாரம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கிற மக்கள் குறைதீர் நாளிலும் ஒரு நகல் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாநகராட்சிக்கு இரண்டு மனு

மாநகராட்சியில் நீங்கள் போக வேண்டிய கதவு ஒன்று இல்லை, இரண்டு. கொசு, குப்பை, புதர் எல்லாம் சுகாதாரப் பிரிவு. விழப்போகிற கட்டடம் பொறியியல், நகரமைப்புப் பிரிவுகளின் வேலை. ஒரே காகிதத்தில் இரண்டையும் எழுதினால் அந்தக் காகிதம் இரண்டு மேசைக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்றை மாநகர் நல அலுவலருக்கும், இன்னொன்றை ஆணையருக்கும் தனித்தனியாக எழுதி, இரண்டின் நகலையும் உங்கள் மண்டல உதவி ஆணையருக்குக் கொடுங்கள். சேலத்தில் மண்டலம் நான்கு: சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி. உங்கள் வீட்டு வரி ரசீதிலேயே மண்டலமும் வார்டும் இருக்கும்.

மாநகராட்சிக்கு இதில் அதிகாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1939-லேயே சென்னை மாகாணத்தில் போட்ட பொதுச் சுகாதாரச் சட்டம் இன்றைக்கும் தமிழ்நாட்டில் உயிரோடு இருக்கிறது. கொசு வளர்கிற தண்ணீர்த் தேக்கம் தனியார் இடத்தில் இருந்தாலும் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம், அவர் செய்யாவிட்டால் உள்ளே புகுந்து சரிசெய்து செலவை அவரிடமே வசூலிக்கலாம் என்பது அந்தச் சட்டம் தருகிற அதிகாரம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் ஆபத்தான கட்டடங்கள்மேல் நடவடிக்கை எடுக்க வழி வைத்திருக்கிறது. நோட்டீஸ் ஒட்டுவதற்கு வெளிநாட்டில் இருக்கிற மகன் வந்து நிற்க வேண்டியதில்லை. வீட்டுக் கதவில் ஒட்டினாலும் அது நோட்டீஸ்தான்.

அதே சமயம், "ஜேசிபி கொண்டுவந்து ஒரே நாளில் தள்ளிவிட வேண்டியதுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அது முடியாது, முடியவும் கூடாது. முன்னறிவிப்பு தந்து குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுக்காமல் வீடுகளை இடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் கடுமையாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பாதுகாப்பு ஒருநாள் உங்களுக்கும் தேவைப்படலாம். உங்களுக்கு இப்போது வேண்டியது இடிப்பு இல்லை. கிணற்றுக்கு மூடி, சுவருக்கு முட்டு, புதர் வெட்டு, சந்துப் பக்கம் ஒரு தடுப்பு. அதை மட்டும் கேளுங்கள். சின்னதாகக் கேட்டால் சீக்கிரம் நடக்கும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நெசவாளர் தெருவுக்காக இதேபோல் அலைந்தேன். "நாங்கள் பார்த்தோம், அங்கே புழு எதுவும் இல்லை" என்று பதில் வந்திருந்தது. காலை ஆறு மணிக்கு அந்தத் தெரு அம்மா ஒருவர் என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். ஓரத்தில் ஒரு கொட்டாங்குச்சி. அதில் இரண்டு விரல் உயரம் மழைத்தண்ணீர், தண்ணீர் நிறையக் கறுப்பு முடித்துண்டு நெளிவதுபோல் புழுக்கள். அந்த அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கொட்டாங்குச்சியை அப்படியே ஒரு தூக்குப்போசியில் இறக்கி, மூடி போட்டு, பஸ் ஏறி ஆபீஸ் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். மறுநாள் மருந்து அடிக்கிற ஆள் வந்தார். உங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் புழு நெளிகிற பத்து விநாடி வீடியோ உங்கள் போனில் இருந்தால், "ஒன்றும் இல்லை" என்று எழுதுகிற கை கொஞ்சம் தயங்கும்.

மனு எதுவானாலும் தபால் பிரிவில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். முப்பது நாளில் ஒன்றும் நடக்கவில்லையென்றால், பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: இந்தத் தேதியில் கொடுத்த என் மனு மேல் எந்த அதிகாரி எந்தத் தேதியில் என்ன செய்தார், ஆய்வு அறிக்கையின் நகல், கொடுத்த நோட்டீசின் நகல். தகவல் வருவதற்கு முன்னாலேயே வேலை நடந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்கும் மசியவில்லையென்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசு அதிகாரியைக் கடமையைச் செய்ய வைக்கக் கேட்கிற மனு) போட்டு, "இந்த மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுங்கள்" என்று உத்தரவு வாங்கலாம். முத்திரை போட்ட அந்த நகல் கையில் இல்லையென்றால் ரிட்டும் நிற்காது.

"பணம் இல்லை, ஆள் இல்லை" என்ற பதிலுக்கும் ஒரு மறுமொழி இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்ற ஊரில், சாக்கடையும் நாற்றமும் தாங்க முடியாத ஒரு வார்டு மக்கள் இதே பழைய 133-வது பிரிவில் நடுவரிடம் போனார்கள். நகராட்சி நிதி இல்லை என்று உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், நிதி இல்லை என்பதைச் சாக்காகச் சொல்லிக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று தீர்ப்பு எழுதினார். அந்த மக்கள் ஆரம்பித்த இடமும் உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மாதிரி ஓர் இடம்தான்.

பொதுச்சுவர் உங்கள் சொந்த வழக்கு

அரசங்கன்றும் ஓதமும் வேறு விஷயம். அதனால் நஷ்டப்படுவது உங்கள் குடும்பம் மட்டும். ஆகவே இதற்குச் சிவில் கோர்ட்தான் இடம். நாளாகிவிட்டதே என்று பயப்படாதீர்கள். தொடர்ந்து நடக்கிற தீங்குக்குக் காலவரையறை ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொடங்கும். நான்கு வாரிசுகளுக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, பிறகு சுவரைச் சரிசெய்யும்படி செயலுறுத்துக் கட்டளை (இதைச் செய் என்று கோர்ட் போடுகிற உத்தரவு) கேட்டு வழக்குப் போடலாம். கூடவே, வக்கீல் கமிஷனர் ஒருவரை நியமித்துச் சுவரைப் பார்த்து அறிக்கை தரும்படி கேட்க வேண்டும். அடுத்த மழைக்கு முன் சுவர் எப்படி இருந்தது என்பதற்கு அந்த அறிக்கைதான் நாளைக்குச் சாட்சி. உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு வருகிற கிளையை, அவர்கள் இடத்தில் கால் வைக்காமல், உங்கள் எல்லைவரை வெட்டிவிடலாம். சுவருக்குள் போன வேரைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். சுவரும் சேர்ந்து வரும். கொத்தனாரைக் கூப்பிட்டு வெடிப்பின் அகலத்தைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

சிவில் வழக்கு வருஷக்கணக்கில் போகும் என்பதை மறைக்க மாட்டேன். ஆகவே நோட்டீசோடு முதலில் ஒரு முயற்சி. அழகாபுரத்து அம்மாவை நேரில் போய்ப் பாருங்கள், கோபமில்லாமல், போட்டோக்களோடு. வழக்கில் அண்ணன் தம்பிகளோடு மோதிக்கொண்டிருக்கிறவர், அந்தக் கொல்லையில் பிறந்து வளர்ந்தவர். கிணற்றில் ஒரு குழந்தை விழுந்தால் போலீஸ் முதலில் தேடி வருவது சேலத்தில் இருக்கிற தன்னைத்தான் என்பது அவருக்குத் தோன்றியிருக்காது. "சுத்தம் செய்யவும் கிணற்றை மூடவும் சம்மதம், இதனால் யாருக்கும் உரிமை உண்டாகாது" என்று ஒரு தாளில் அவர் கையெழுத்து வாங்கினால், உங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி. நான்கு பேரும் கோர்ட்டில் சேர்ந்து கேட்டால், வழக்கு முடிகிறவரை சொத்தைப் பார்த்துக்கொள்ள ரிசீவர் ஒருவரைக்கூட நியமிக்கலாம். இதை அவர் வக்கீலிடம் சொல்லச் சொல்லுங்கள்.

டெங்குவுக்கு நஷ்டஈடு

இதில் உங்களுக்கு ஆறுதலான பதில் என்னால் தர முடியவில்லை. மருமகளைக் கடித்த கொசு அந்தக் கொல்லையில் பிறந்தது என்று நிரூபிக்க வேண்டும். அது ஏறக்குறைய முடியாத காரியம். டெங்குக் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. சுத்தமான தேங்கிய தண்ணீரில் முட்டையிட்டு, ஏழெட்டு நாளில் இறக்கையோடு வெளியே வரும். முட்டை காய்ந்த பாத்திரத்தின் விளிம்பில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மேட்டூர்த் தண்ணீர் விடுகிற நாளில் பிடித்து வைக்கிற டிரம், பிரிட்ஜ் பின்னாலிருக்கிற தட்டு, மொட்டை மாடியில் கிடக்கிற பழைய டயர், இதெல்லாம் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் குறுக்கு விசாரணையிலேயே கேட்பார். வழக்குக்காக மட்டும் சொல்லவில்லை, பேரனுக்காகவும் சொல்கிறேன்: வாரம் ஒருநாள் டிரம்மைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். நஷ்டஈட்டுக்கு உதவாவிட்டாலும், மாநகர் நல அலுவலருக்குக் கொடுக்கிற மனுவோடு அவை சேர வேண்டும். கிணற்றில் கொசுப்புழுவைத் தின்கிற கம்பூசியா மீன் விடச் சொல்லியும் அதே மனுவில் கேளுங்கள்.

தீ வைக்கவும் வேண்டாம், வேலி போடவும் வேண்டாம்

போகித் தீ யோசனையைத் தம்பிகள் இன்றைக்கே மறந்துவிடட்டும். அவர்கள் எண்ணம் நல்லதாக இருக்கலாம். ஆனால் அடுத்தவர் இடத்தில் புகுந்து நெருப்பு வைத்தால் அத்துமீறலும் சேதம் விளைவித்தலும் சேர்ந்து வரும். மரச்சட்டமும் ஓடுமாக இருக்கிற வீட்டில் தீ பிடித்தால் பொதுச்சுவருக்கு இந்தப் பக்கம் உங்கள் பட்டறை. அங்கே கேஸ் சிலிண்டர். அத்தனை நாள் மனுதாரராக இருந்த நீங்கள் ஒரே ராத்திரியில் குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுவீர்கள்.

12 வருஷக் கணக்கு பாதிதான் உண்மை. எதிரிடை அனுபவம் என்பதற்கு, உரிமையாளருக்குத் தெரியும்படி, அவர் உரிமையை மறுத்து, விடாமல் 12 வருஷம் அனுபவித்ததாக நிரூபிக்க வேண்டும். வெறுமனே பூட்டிக் கிடப்பதால் யாருடைய சொத்தும் யாருக்கும் போய்விடாது. நான்கு வாரிசு கோர்ட்டில் நிற்கிற இடத்தில் நீங்கள் ஷெட் போட்டால், இத்தனை வருஷம் ஒன்று சேராத நான்கு பேரும் உங்களுக்கு எதிராக ஒரே நாளில் ஒன்று சேர்வார்கள். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு: "இந்த அம்மா சுத்தத்துக்காகக் கேட்கவில்லை, இடத்துக்காகக் கேட்கிறார்" என்று ஆர்.டி.ஓ. முன்னால் ஒரு வார்த்தை விழுந்தால், உங்கள் மனுவின் உயிரே போய்விடும். சுத்தம் செய்கிற எண்ணம் இருந்தால் சம்மதக் கடிதத்தோடு மட்டும் செய்யுங்கள்.

குப்பையைப் பற்றி "யாரோ ராத்திரியில் கொட்டுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தப்படாதீர்கள் அம்மா, அந்த யாரோ பெரும்பாலும் உங்கள் தெருக்காரர்களாகத்தான் இருப்பார்கள். ஆறடிச் சந்துக்குள் குப்பை கொட்ட வேறு ஊரிலிருந்து யாரும் வர மாட்டார்கள். மனுவில் கையெழுத்து வாங்கப் போகும்போதே, இனி அங்கே ஒரு கவர்கூட விழாது என்று அவர்களிடமும் பேசிவிடுங்கள். குடிக்க வருகிறவர்களுக்குப் போலீஸ் ரோந்து கேட்டு ஸ்டேஷனில் தனி மனு. பாம்பு தெரிந்தால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யுங்கள், பிடித்துப் போவார்கள்.

பாழ்மனை ஒன்று ஒரு தெருவையே எப்படி மாற்றும் என்பதற்கு அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் ஒரு பெரிய சோதனை நடந்தது. 541 காலிமனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பங்கில் குப்பை அள்ளி, மண்ணைச் சமன்படுத்தி, புல்லும் நாலு மரமும் வைத்து, இடுப்பளவு மரவேலி போட்டார்கள். 2018-ல் வெளியான முடிவின்படி, ஏழைகள் குடியிருக்கிற பகுதிகளில் சுத்தம் செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கிக் குற்றங்கள் 29 சதவீதம் குறைந்திருந்தன.  இடத்தின் முகம் மட்டும் மாறியது. உங்கள் சந்தில் துப்பாக்கி இல்லை, ஆனால் பாட்டிலோடு உட்காருகிறவர்கள் அங்கே தேடி வருவது அந்த இருட்டையும் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தையும்தான். சந்து முனையில் எரியாத தெருவிளக்கு இருந்தால் அதையும் மாநகராட்சி மனுவில் சேருங்கள்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்று கடைசிப் பக்கத்தில் அடித்து அடித்து எழுதியிருக்கிறீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சேலம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். நோட்டீஸ் முதல் வழக்குவரை அவர்களே வக்கீல் தருவார்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை.

விற்றுவிடலாமா என்ற கேள்விக்கு: இப்போது வேண்டாம். இந்த நிலையில் உங்கள் வீட்டுக்கு வருகிற விலை, பக்கத்து வீட்டின் விலையாகத்தான் இருக்கும். ஆறு மாதம் பொறுங்கள். அதற்குள் மூன்று மனுக்கள், மூன்று முத்திரைகள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் போகிறவரை, பேரனை அந்தச் சந்து வழியாக அனுப்பாமல் பெரிய தெருவைச் சுற்றியே கூட்டிப் போங்கள். சந்துப் பக்கத்தில் நாலு கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டி ஒரு கயிறு மட்டும் இழுத்துவிடுங்கள். அது அவர்கள் மனைக்கு வெளியே, நடக்க வழி விட்டு நிற்கட்டும். அதற்கு வாரிசுகளின் சம்மதம் தேவையில்லை.